உனக்கும் எனக்கும் இடையில் ‘ஐ’யா, ‘மீ’யா?

தமிழகத்தை விட்டு வந்து வாழும் நம் குடும்பங்களில் ஒரு நாளைக்கு மூன்று மொழிகள் புழங்குகின்றன. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் ஹிந்தி, பள்ளியிலும் அலுவலகத்திலும் ஆங்கிலம். இதில் ஆங்கிலத்தின் பெரிய பெரிய சொற்கள் நம்மை அதிகம் படுத்துவதில்லை. அகராதியைப் புரட்டி, நாலு தடவை சொல்லிப் பார்த்தால் அவை வசப்பட்டுவிடும். படுத்துபவை குட்டிச் சொற்களே. ‘டு’, ‘ஃபார்’, ‘வித்’, ‘ஆஃப்’ போன்றவை ஒரு கூட்டம். ‘ஐ’, ‘மீ’, ‘ஹீ’, ‘ஹிம்’ போன்றவை இன்னொரு கூட்டம். முன்னதைப் பள்ளியில் பிரிபொசிஷன் என்று படித்தோம். தமிழில் முன்னிடைச்சொல் என்பார்கள். பின்னது புரொனவுன், அதாவது பிரதிப்பெயர். இவை இரண்டும் கைகோத்துக்கொள்ளும் இடத்தில்தான், எம்.ஏ. படித்தவர்களுக்கும் நாக்கு ஒரு கணம் தயங்குகிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நம் பிள்ளைகள் சிலருக்கு ஆங்கிலப் பாடம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். பிள்ளைகளைவிட அவர்களை அழைத்துவரும் பெற்றோர்தான் இந்த விஷயத்தில் அதிகம் சந்தேகம் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னதையெல்லாம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். இலக்கணம் என்றதும் அன்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இதில் பாதி நமக்குத் தெரிந்த விஷயம்தான். தமிழில் தெரிந்திருக்கிறது, அவ்வளவே.

நமக்குத் தெரிந்த வேற்றுமை

பள்ளிக்கூடத் தமிழில் வேற்றுமை உருபுகளை மனப்பாடம் செய்திருப்போம்: ஐ, ஆல், கு, இன், அது, கண். தொல்காப்பியம் விளியையும் சேர்த்து வேற்றுமை எட்டு என்கிறது. இந்த உருபுகள் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும். முருகன் என்ற பெயர் முருகனை, முருகனால், முருகனுக்கு என்று வளரும்போது ‘முருகன்’ அப்படியே இருக்கிறது. ஆனால் ‘நான்’ என்ற சொல்லைப் பாருங்கள். நானை, நானால், நானுக்கு என்று யாரும் சொல்வதில்லை. உருபு வருகிறது என்று தெரிந்ததும் ‘நான்’ தன் உருவத்தை மாற்றிக்கொண்டு ‘என்’ ஆகிவிடுகிறது. அதன் பிறகே என்னை, என்னால், எனக்கு, என்னிடம், என்னோடு. இப்படியே நீ ‘உன்’ ஆகிறது, நாம் ‘நம்’ ஆகிறது, நாங்கள் ‘எங்கள்’ ஆகிறது.

ஹிந்தியிலும் இதே கதைதான். ‘மைம்’ என்ற சொல்லோடு ‘கோ’, ‘ஸே’, ‘பர்’ முதலியவற்றை நேரே ஒட்ட முடியாது. ‘முஜ்’ ஆக்கிய பிறகே முஜ்கோ, முஜ்ஸே, முஜ்பர். ‘வஹ்’ என்பது ‘உஸ்’ ஆகி உஸ்கோ, உஸ்ஸே என்று வரும்.

ஆங்கிலத்தில் நடப்பதும் இதுவே. முன்னிடைச்சொல் வந்துவிட்டால் ‘ஐ’ என்பது ‘மீ’ ஆகிவிடும். ‘ஹீ’ என்பது ‘ஹிம்’, ‘ஷீ’ என்பது ‘ஹெர்’, ‘வீ’ என்பது ‘அஸ்’, ‘தே’ என்பது ‘தெம்’, ‘ஹூ’ என்பது ‘ஹூம்’. ‘யூ’, ‘இட்’ ஆகிய இரண்டு மட்டும் மாறாதவை. ஆக, ‘மீ’ என்பது நம்முடைய ‘என்’, ஹிந்தியின் ‘முஜ்’. ‘டு மீ’ எனக்கு. ‘வித் மீ’ என்னோடு. ‘ஃப்ரம் மீ’ என்னிடமிருந்து. ‘அபௌட் மீ’ என்னைப் பற்றி. வித்தியாசம் ஒன்றுதான். தமிழும் ஹிந்தியும் இந்தச் சொல்லைப் பின்னால் வைக்கின்றன; ஆங்கிலம் முன்னால் வைக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தமிழில் ‘ஐ’ இரண்டாம் வேற்றுமையின் உருபு. ஆங்கிலத்தில் ‘ஐ’ எழுவாயாக மட்டுமே வரும் சொல். எழுத்து ஒன்று, வேலை நேர் எதிர்.

ஆங்கிலத்தில் மற்றப் பெயர்கள் மாறாமலிருக்க, பிரதிப்பெயர்கள் மட்டும் ஏன் மாறுகின்றன என்று ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் எல்லாப் பெயர்களுக்கும் நம்மைப்போல் வேற்றுமை ஈறுகள் இருந்தன. பிறகு அவை தேய்ந்து மறைந்தன. அந்த வேலையை முன்னிடைச்சொற்களும், வாக்கியத்தில் சொல் நிற்கும் இடமும் எடுத்துக்கொண்டன. தினமும் ஆயிரம் தடவை வாயில் புழங்கிய பிரதிப்பெயர்கள் மட்டும் பழைய வடிவத்தைக் காப்பாற்றிக்கொண்டன. ‘ஹிம்’ என்பது ஆதியில் ‘அவனுக்கு’ என்ற பொருளுக்கு உரிய வடிவம். ‘அவனை’ என்பதற்குத் தனி வடிவம் இருந்து, அது வழக்கொழிந்து போயிற்று. ‘யூ’வுக்கும் ஒரு ஜோடி இருந்தது. எழுவாயாக வரும்போது ‘யீ’, மற்ற இடங்களில் ‘யூ’. 1611இல் வெளிவந்த ஆங்கில பைபிளில் இந்த வேறுபாட்டைக் காணலாம். பேச்சில் ‘யூ’ இரண்டு இடத்தையும் பிடித்துக்கொண்டதால்தான் இன்று அது மாறுவதில்லை.

இருவர் சேர்ந்தால் வரும் வம்பு

‘ஃபார் ஐ’ என்றோ ‘டு ஹீ’ என்றோ நம் பிள்ளைகள் யாரும் சொல்வதில்லை. பிறகு தடுமாற்றம் எங்கே? இருவரைச் சேர்த்துச் சொல்லும்போது.

தமிழில் ‘தம்பிக்கும் எனக்கும்’ என்கிறோம். உருபு இருவருக்கும் தனித்தனியே வந்துவிடுகிறது. எனவே ‘தம்பிக்கும் நானும் வாங்கினார்’ என்று உளற வாய்ப்பே இல்லை. ஆங்கிலத்திலோ முன்னால் நிற்கும் ஒரே ‘ஃபார்’ இருவருக்கும் சேர்த்து வேலை செய்ய வேண்டியிருக்கிறது. நடுவில் தம்பி வந்து நின்றதும், ‘ஃபார்’ கொஞ்சம் தூரமாகிவிடுகிறது. ‘ஃபார் மை பிரதர் அண்டு...’ என்று வந்து, அங்கே தயங்கி, ‘ஐ’ என்று முடித்துவிடுகிறோம்.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சிறுவயதில் பிள்ளைகள் ‘மீ அண்டு ரமேஷ் வென்ட்’ என்று சொல்லும்போது ஆசிரியர் ‘ரமேஷ் அண்டு ஐ’ என்று திருத்துகிறார். திருத்தியது நியாயம்தான், அங்கே அது எழுவாய். ஆனால் குழந்தை என்ன புரிந்துகொள்கிறது? ‘மீ’ என்றால் மட்டம், ‘ஐ’ என்றால் உசத்தி என்று முடிவு கட்டிவிடுகிறது. பிறகு ‘மீ’ வரவேண்டிய இடத்திலும் ‘ஐ’யையே போடுகிறது. ழகரம் வரவில்லை என்று திட்டு வாங்கியவர், பழத்தைச் சரியாகச் சொல்லக் கற்றுக்கொண்ட உற்சாகத்தில் வெள்ளத்தையும் ‘வெழ்ழம்’ ஆக்குவாரே, அதைப் போல.

சரியானதைக் கண்டுபிடிக்க எளிய வழி, மற்றவரை எடுத்துவிட்டுப் பார்ப்பது. ‘மேனேஜர் கேவ் டூ டிக்கெட்ஸ் டு ரமேஷ் அண்டு...’ என்ற இடத்தில் சந்தேகமா? ரமேஷை வெளியே அனுப்புங்கள். ‘டு ஐ’ என்போமா, ‘டு மீ’ என்போமா? ‘டு மீ’தான். அப்படியானால் ‘டு ரமேஷ் அண்டு மீ’. ‘ரமேஷ் அண்டு மீ வென்ட்’ என்பதில் ரமேஷை அனுப்பினால் ‘மீ வென்ட்’ என்று மிஞ்சும். அது பொருந்தாது என்பது காதுக்கே தெரியும்.

‘பிட்வீன்’ வரும்போது இந்தச் சோதனை பலிக்காது. இருவர் இருந்தால்தானே ‘இடையில்’! அங்கே இருவரையும் சேர்த்து ஒரே சொல்லாக்கிப் பாருங்கள். ‘பிட்வீன் வீ’யா, ‘பிட்வீன் அஸ்’ஸா? ‘அஸ்’ என்றால், பிரித்துச் சொல்லும்போது ‘பிட்வீன் யூ அண்டு மீ’தான்.

இது வெறும் புத்தக விவகாரம் அல்ல. எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணி பள்ளியில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியையிடம் ‘பிட்வீன் யூ அண்டு மீ’ என்று சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் மகள், “ஏம்மா மானத்தை வாங்கறே? ‘யூ அண்டு ஐ’ன்னு சொல்லணும்” என்றாளாம். அம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது. ஊரில் தமிழ் வழியில் படித்தவர். மகள் ஆங்கிலப் பள்ளியில் முதல் மதிப்பெண் வாங்குகிறவள். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எண்ணிவிட்டார். அதற்குப் பிறகு இரண்டு கூட்டங்களுக்குக் கணவரை அனுப்பினாரே தவிர, தான் போகவில்லை. உண்மையில் அம்மா சொன்னதுதான் சரி. மகள் திருத்தியதுதான் பிழை. இந்தப் பிழை ஆங்கிலேயர்களிடமும் நெடுநாளாக உண்டு. ஷேக்ஸ்பியரின் வெனிஸ் வணிகன் நாடகத்தில் அந்தோனியோ எழுதும் கடிதத்திலேகூட ‘மீ’ வரவேண்டிய இடத்தில் ‘ஐ’ வருகிறது. பிள்ளைகளுக்கு உச்சரிப்பு வேகமாக வரும். அதனால் இலக்கணமும் எப்போதும் அவர்கள் பக்கமே இருக்கும் என்று நாம் நினைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

தமிழை அப்படியே பெயர்த்தால்

அடுத்தது, முன்னிடைச்சொல் வேண்டுமா வேண்டாமா என்பது. ஒரு வினைச்சொல் பிரதிப்பெயரோடு நேரே சேருமா, நடுவில் ‘டு’ முதலியவற்றைக் கேட்குமா என்பதற்கு மொழிக்கு மொழி வழக்கம் வேறு. நாம் நம் உருபை அப்படியே ஆங்கிலத்தில் பெயர்க்கும்போதுதான் வழுக்குகிறது.

‘அவரிடம் கேள்’ என்பதில் ‘இடம்’ இருப்பதால் ‘ஆஸ்க் டு ஹிம்’ என்கிறோம். ஆங்கிலத்தில் ‘ஆஸ்க் ஹிம்’ போதும். ‘என்னிடம் சொன்னார்’ என்பது ‘ஹீ டோல்டு மீ’. நடுவில் ‘டு’ கிடையாது. ஆனால் அதே பொருளில் ‘ஸெட்’ போட்டால் ‘ஹீ ஸெட் டு மீ’ என்று ‘டு’ கட்டாயம் வேண்டும். ‘எனக்கு உதவினார்’ என்பதற்கு ‘ஹெல்ப்டு மீ’. இங்கே நம் ‘கு’வைப் பெயர்க்கக் கூடாது. ‘அதைப் பற்றி விவாதித்தோம்’ என்பதற்கு ‘டிஸ்கஸ்டு இட்’. ‘பற்றி’ என்பது ‘டிஸ்கஸ்’ என்ற சொல்லுக்குள்ளேயே அடங்கிவிட்டது. ‘அபௌட்’ வேண்டுமானால் ‘டாக்டு அபௌட் இட்’ என்று வினையை மாற்றிக்கொள்ளலாம். ‘அவளோடு கல்யாணம்’ என்பதற்கு ‘மேரீடு ஹெர்’ அல்லது ‘காட் மேரீடு டு ஹெர்’. ‘வித் ஹெர்’ அல்ல.

இதற்கு எதிர்ப்புறமும் உண்டு. ‘எக்ஸ்ப்ளெயின் மீ’ என்று சொல்வது நம்மிடையே மிகவும் பரவிவிட்டது. ‘எக்ஸ்ப்ளெயின் இட் டு மீ’ என்பதே முறை. ‘ஸஜஸ்ட் மீ எ டாக்டர்’ என்று கேட்பவர்கள் ‘ஸஜஸ்ட் எ டாக்டர் டு மீ’ என்றோ, இன்னும் இயல்பாக ‘கேன் யூ ரெக்கமெண்டு எ டாக்டர்?’ என்றோ கேட்கலாம். ‘ரிப்ளை மீ’ அல்ல, ‘ரிப்ளை டு மீ’. ‘லிஸன் மீ’ அல்ல, ‘லிஸன் டு மீ’. ‘வெயிட் மீ’ அல்ல, ‘வெயிட் ஃபார் மீ’. ‘என் மேல் கோபம்’ என்று நாமும், ‘முஜ்பர் குஸ்ஸா’ என்று ஹிந்திக்காரர்களும் சொல்வதால் இரு தரப்பும் சேர்ந்து ‘ஆங்க்ரி ஆன் மீ’ என்று பேசுகிறோம். ஆங்கிலத்தில் ‘ஆங்க்ரி வித் மீ’.

இவற்றுக்குச் சூத்திரம் கிடையாது. வினையைத் தனியே படிக்காமல், ‘மீ’யோடு சேர்த்தே மனப்பாடம் செய்வது நல்லது. ‘எக்ஸ்ப்ளெயின் — விளக்கு’ என்று எழுதிக்கொள்வதற்குப் பதில் ‘எக்ஸ்ப்ளெயின் இட் டு மீ — எனக்கு அதை விளக்கு’ என்று எழுதிக்கொண்டால் இரண்டும் ஒன்றாகவே நினைவில் நிற்கும்.

‘ஸ்விட்ச் இட் ஆஃப்’

‘மின்விசிறியை நிறுத்து’ என்பதை ஆங்கிலத்தில் ‘ஸ்விட்ச் ஆஃப் தி ஃபேன்’ என்றும் சொல்லலாம், ‘ஸ்விட்ச் தி ஃபேன் ஆஃப்’ என்றும் சொல்லலாம். ஆனால் ஃபேன் என்ற பெயருக்குப் பதில் ‘இட்’ வந்துவிட்டால் ஒரே வழிதான்: ‘ஸ்விட்ச் இட் ஆஃப்’. ‘ஸ்விட்ச் ஆஃப் இட்’ என்பது கிடையாது. அப்படியே ‘பிக் தெம் அப்’, ‘த்ரோ இட் அவே’, ‘கிவ் இட் பேக்’, ‘டேக் தெம் ஆஃப்’, ‘ஃபில் இட் இன்’.

அப்படியானால் ‘லுக் ஆஃப்டர் இட்’ என்பது ஏன் ‘லுக் இட் ஆஃப்டர்’ ஆவதில்லை? இங்கேதான் நுட்பம் இருக்கிறது. ‘லுக் ஆஃப்டர் இட்’ என்பதில் ‘ஆஃப்டர்’ உண்மையான முன்னிடைச்சொல். அது தன் பிரதிப்பெயருக்கு முன்னால்தான் நிற்கும். ‘லுக் ஃபார் ஹிம்’, ‘லுக் அட் அஸ்’, ‘டிபெண்ட் ஆன் தெம்’ எல்லாம் இந்த வகை. ‘ஸ்விட்ச் ஆஃப்’ என்பதில் உள்ள ‘ஆஃப்’ முன்னிடைச்சொல்லைப் போல வேஷம் போட்டாலும், அது வினையோடு சேர்ந்த துணைச்சொல். நாம் ‘எடுத்துவிடு’ என்பதில் ‘விடு’ சேர்ப்பதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டையும் பிரித்தறியக் காது உதவும். துணைச்சொல்லாக வரும்போது அதன் மேல் அழுத்தம் விழும்: ‘பிக் இட் அப்’ என்பதில் ‘அப்’ ஓங்கி ஒலிக்கும். முன்னிடைச்சொல்லாக வரும்போது அழுத்தம் வினைமேல் விழும்: ‘லுக் அட் இட்’ என்பதில் ‘லுக்’ ஓங்கி ஒலிக்கும். ‘இட்’, ‘ஹிம்’ முதலியவை முன்பே பேசியதைச் சுட்டும் லேசான சொற்கள். ஆங்கிலம் வாக்கியத்தின் கடைசி இடத்தைக் கனமான, புதிய செய்திக்கு ஒதுக்கிவைக்க விரும்புகிறது. அதனால்தான் லேசான ‘இட்’டை நடுவில் தள்ளிவிட்டு, அழுத்தம் பெறும் ‘ஆஃப்’பைக் கடைசியில் வைக்கிறது.

இடம் மாறினால் பொருளே மாறிவிடுவதும் உண்டு. ‘ஹீ ஸா மீ த்ரூ’ என்றால், கஷ்ட காலத்தில் துணை நின்று என்னைக் கரை சேர்த்தார் என்று பொருள். ‘ஹீ ஸா த்ரூ மீ’ என்றால், என் வேஷத்தைக் கண்டுகொண்டார் என்று பொருள். உதவி செய்த மேலதிகாரிக்கு நன்றிக் கடிதம் எழுதும்போது இரண்டையும் மாற்றிப் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

‘மீ’யா, ‘மைன்’னா?

‘அவர் என் நண்பர்’ என்பதை ‘ஹீ ஈஸ் எ ஃப்ரெண்ட் ஆஃப் மீ’ என்று சொல்வது தவறு. ‘எ ஃப்ரெண்ட் ஆஃப் மைன்’ என்றே சொல்ல வேண்டும். உறவும் உடைமையும் வரும் இடத்தில் ‘ஆஃப்’ இப்படி ‘மைன்’, ‘யுவர்ஸ்’, ‘ஹிஸ்’, ‘ஹெர்ஸ்’, ‘அவர்ஸ்’, ‘தேர்ஸ்’ ஆகியவற்றைக் கேட்கும். ஆனால் ‘எ ஃபோட்டோ ஆஃப் மீ’ என்பதும் ‘எ ஃபோட்டோ ஆஃப் மைன்’ என்பதும் இரண்டுமே சரி, பொருள்தான் வேறு. முன்னது என் உருவம் உள்ள படம். பின்னது எனக்குச் சொந்தமான படம். அதில் தஞ்சைப் பெரிய கோயில்கூட இருக்கலாம். தமிழில் இரண்டுக்கும் ‘என் படம்’ என்று சொல்லிவிடுவதால் நாம் இதைக் கவனிப்பதில்லை.

தன்னோடா, அவனோடா?

தமிழில் ‘தன்’ என்று ஓர் அருமையான சொல் இருக்கிறது. ‘ராமு தன் பையைத் தன்னோடு கொண்டுவந்தான்’ என்றால் எந்தக் குழப்பமும் இல்லை. இந்தத் ‘தன்’னுக்கு ஈடாக ஆங்கிலத்தில் ‘ஹிம்ஸெல்ஃப்’ இருப்பதாக எண்ணி, ‘ஹீ பிராட் தி பேக் வித் ஹிம்ஸெல்ஃப்’ என்று எழுதுகிறோம். ஆங்கில வழக்கு ‘வித் ஹிம்’ என்பதுதான். இடத்தைக் குறிக்கும் முன்னிடைச்சொற்களுக்கும், உடன் இருப்பதைக் குறிக்கும் ‘வித்’துக்கும் பெரும்பாலும் சாதாரண வடிவமே போதும்: ‘ஷீ லுக்டு பிஹைண்ட் ஹெர்’, ‘ஐ ஹேவ் நோ மணி வித் மீ’. ஆனால் முன்னிடைச்சொல் வினையோடோ பண்போடோ பிணைந்து ஒரே கருத்தாகும்போது ‘ஸெல்ஃப்’ வேண்டும்: ‘ஹீ டாக்ஸ் அபௌட் ஹிம்ஸெல்ஃப்’, ‘ஷீ ஈஸ் பிரௌட் ஆஃப் ஹெர்ஸெல்ஃப்’. இங்கே ‘ஹிம்’ என்று போட்டால் அது வேறொருவரைக் குறித்துவிடும்.

‘பை மீ’ என்றால் ‘என்னால்’. ‘பை மைஸெல்ஃப்’ என்றால் ‘தனியாக’ அல்லது ‘யார் துணையும் இன்றி நானே’. அலுவலகக் கடிதங்களில் மரியாதை என்று எண்ணி ‘ப்ளீஸ் காண்டாக்ட் மைஸெல்ஃப்’ என்று எழுதுகிறார்கள். இதில் மரியாதை ஒன்றும் கூடுவதில்லை. ‘ப்ளீஸ் காண்டாக்ட் மீ’ என்பதே போதும்.

‘ஹூம்’ எங்கே போயிற்று?

சான்றிதழ்களின் தலைப்பில் ‘டு ஹூம் இட் மே கன்ஸர்ன்’ என்று பார்த்திருப்போம். ‘டு’ முன்னால் நிற்பதால் ‘ஹூ’ என்பது ‘ஹூம்’ ஆகியிருக்கிறது. ‘யாரோடு போகிறாய்?’ என்பதையும் ‘வித் ஹூம் ஆர் யூ கோயிங்?’ என்று சொல்லலாம். ஆனால் வீட்டிலோ தெருவிலோ அப்படிக் கேட்டால், நாம் ‘யாருடன் செல்கின்றனை?’ என்று கேட்டதுபோல் இருக்கும். பேச்சில் ‘ஹூ ஆர் யூ கோயிங் வித்?’ என்பதே வழக்கம். முன்னிடைச்சொல் கடைசிக்குப் போய்விட்டால் ‘ஹூ’ மாறாமல் நிற்கலாம்.

கடைசியில் முன்னிடைச்சொல் வரலாமா என்று சிலர் கேட்பார்கள். 1672இல் ஜான் டிரைடன் என்ற கவிஞர், பென் ஜான்சனின் எழுத்தில் இது வருவதைக் குறையாகச் சொன்னார். 1762இல் இலக்கணம் எழுதிய ராபர்ட் லௌத், இது ஆங்கிலத்தின் இயல்பான போக்கு, பேச்சுக்குப் பொருந்தும், உயர்ந்த நடைக்கு முன்னால் வைப்பதே அழகு என்று நிதானமாகச் சொன்னார். அதைப் பின்வந்த ஆசிரியர்கள் தடைச் சட்டமாக்கிவிட்டார்கள். நேர்முகத் தேர்வில் பதில் சொல்லும் நம் பிள்ளைகள் இதற்காக வாக்கியத்தை முறுக்கிக்கொள்ள வேண்டாம். ஆனால் ‘வித்’ முன்னால் வந்தால் ‘வித் ஹூம்’தான் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

வாடகை ஒப்பந்தத்தில் ஒரு பழைய வழக்கம்

வெளியூரில் வாழும் நம்மில் பலர் பதினொரு மாதத்துக்கு ஒரு முறை வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறோம். அதில் ‘ஹியர்டு’, ‘தேர்ஆஃப்’, ‘தேர்இன்’, ‘வேர்பை’ என்று வரும் சொற்களைக் கண்டு மிரண்டு, படிக்காமலே கையெழுத்திடுகிறவர்கள் உண்டு. இவையும் முன்னிடைச்சொல்லும் பிரதிப்பெயரும் சேர்ந்த சேர்க்கைகள்தான். பழைய ஆங்கிலத்தில் உயிரற்ற பொருளைச் சுட்டும்போது ‘ஆஃப் இட்’, ‘இன் இட்’ என்பதற்குப் பதில் ‘தேர்ஆஃப்’, ‘தேர்இன்’ என்று சொல்லும் வழக்கம் இருந்தது. ஜெர்மன் மொழியில் இன்றும் அன்றாடப் பேச்சில் இந்த அமைப்பு இருக்கிறது. ஆங்கிலத்தில் பேச்சை விட்டு விலகி, சட்டப் பத்திரங்களில் ஒதுங்கிக்கொண்டது.

இதைப் படிக்கும் சாவி எளிது. ‘ஹியர்’ என்று தொடங்கினால் ‘இந்த’ப் பத்திரம், ‘தேர்’ என்று தொடங்கினால் முன்பு சொன்ன ‘அந்த’ப் பொருள், ‘வேர்’ என்று தொடங்கினால் ‘எந்த’. பிறகு வருவது முன்னிடைச்சொல். ‘ஹியர்டு’ இதற்கு, ‘தேர்ஆஃப்’ அதனுடைய, ‘தேர்இன்’ அதனுள், ‘வேர்பை’ எதனால். குடியிருப்பை ‘ஆர் எனி பார்ட் தேர்ஆஃப்’ உள்வாடகைக்கு விடக் கூடாது என்று எழுதியிருந்தால், அதன் எந்தப் பகுதியையும் விடக் கூடாது என்று பொருள். வீடு முழுவதையும் விடவில்லை, ஓர் அறையை மட்டும்தானே ஊர்க்காரப் பையனுக்கு விட்டேன் என்று பிறகு வாதாட முடியாது. கையெழுத்துக்கு முன் இந்த ஒரு சொல்லைப் புரிந்துகொண்டால், முன்பணத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம்.

காதில் விழுவது

தொலைபேசியில் வேகமாக ஆங்கிலம் பேசுவோரைப் புரிந்துகொள்வது சிரமம் என்று பெரியவர்கள் குறைப்படுவார்கள். இதற்கு ஒரு காரணம், இந்தச் சேர்க்கைகளை அவர்கள் முழுதாக உச்சரிப்பதில்லை. ‘ஹிம்’, ‘ஹெர்’ ஆகியவற்றின் முதல் ஒலி பேச்சில் விழுந்துவிடும். ‘டெல் ஹிம்’ என்பது ‘டெல்லிம்’ போல ஒலிக்கும். ‘ஆஸ்க் ஹெர்’ என்பது ‘ஆஸ்கர்’ போல ஒலிக்கும். ‘ஃபார்’ என்பது ‘ஃப’ என்று குறுகும். நாமோ ஒவ்வொரு சொல்லையும் சமமாக அழுத்திப் பேசிப் பழகியவர்கள். அவர்களைப் போல விழுங்கிப் பேச வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தெளிவாகப் பேசுவதில் குறைவொன்றும் இல்லை. அவர்கள் விழுங்குகிறார்கள் என்று தெரிந்திருந்தால், எதிர்பார்த்துக் கேட்கலாம் என்பதுதான்.

வீட்டில் செய்து பார்க்க

சாப்பாட்டு வேளையில் ஒரே வாக்கியத்தை மூன்று மொழியிலும் சொல்லிப் பார்ப்பது நல்ல பயிற்சி. ‘எனக்கும் அக்காவுக்கும் கொடு’ என்பதை அம்மா தமிழில் சொல்லட்டும், பிள்ளை ஆங்கிலத்தில் சொல்லட்டும், அப்பா ஹிந்தியில் முயலட்டும். மூன்றிலும் ‘நான்’ எங்கே உருமாறுகிறது என்று பிள்ளையையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். இதனால் ஆங்கிலத்தோடு தமிழ் வேற்றுமையும் மனத்தில் பதியும். ஏழாம் வகுப்பு ஹிந்திப் பரீட்சைக்கும் உதவும்.

கீழே ஆறு வாக்கியங்கள் தந்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் ஒரு பிழை உண்டு. குடும்பத்தோடு உட்கார்ந்து திருத்திப் பாருங்கள்.

1. திஸ் இன்விடேஷன் ஈஸ் ஃபார் யூ அண்டு ஐ.
2. யுவர் ஷூஸ் ஆர் வெட். டேக் ஆஃப் தெம்.
3. ஹீ ஈஸ் எ கஸின் ஆஃப் மீ.
4. லெட் அஸ் டிஸ்கஸ் அபௌட் இட்.
5. ஷீ டுக் ஹெர் மதர் வித் ஹெர்ஸெல்ஃப்.
6. ப்ளீஸ் எக்ஸ்ப்ளெயின் மீ திஸ் ரூல்.

விடைகள்: 1. ஃபார் யூ அண்டு மீ. 2. டேக் தெம் ஆஃப். 3. எ கஸின் ஆஃப் மைன். 4. டிஸ்கஸ் இட். 5. வித் ஹெர். 6. எக்ஸ்ப்ளெயின் திஸ் ரூல் டு மீ.

ஆறும் சரியாகச் சொன்ன பிள்ளைகளைப் பாராட்டுங்கள். பெரியவர்கள் யாராவது நான்கு சொல்லியிருந்தால் அவர்களையும் பாராட்டுங்கள். அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு அவர்களே தைரியமாகப் போகட்டும்.